வீட்லயே சின்ன சிஎன்சி மெஷின் கட்டணுமா? கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்துல இருந்து அடிக்கடி வர்ற கேள்விகளும் பதிலும்

நம்ம பக்கம் இப்போ நிறைய பேரு வீட்லயே ஒரு குட்டி சிஎன்சி, அதாவது கம்ப்யூட்டர் சொல்றபடி கட்டர் நகர்ந்து வெட்டற மெஷின், கட்டிப் பாக்கணும்னு கெளம்பிட்டாங்க. ஓசூர் சிப்காட்ல ஷிஃப்ட் முடிச்சுட்டு வர்றவங்க, பர்கூர் காலேஜ் பசங்க, மரவேலை பாக்குற ஆசாரிங்க, ஃப்ளெக்ஸ் கடை வெச்சிருக்கறவங்கன்னு எல்லா வகை ஆளும் இருக்காங்க, ஆனா கேக்கறது சுத்திச் சுத்தி ஒரே சந்தேகங்கள்தான். அதனால எல்லாத்தையும் ஒரே எடத்துல போட்டுட்டேன். கேள்விய அவங்க கேட்ட மாதிரியே விட்டிருக்கேன், நம்பரும் போட்டிருக்கேன், ஏன்னா பின்னாடி பதில்ல "6ஐ பாருங்க"ன்னு சொல்ல வேண்டி வரும்.

1. அண்ணா, சிஎன்சின்னா கம்பெனில இருக்கற அந்த பெரிய மெஷின்தானே? அதை எப்படிண்ணா வீட்ல கட்றது?

வேலை அதேதான், உடம்புதான் வேற. ஓசூர்ல நீங்க பாக்கற விஎம்சி (கம்பெனில இருக்கற பெரிய மில்லிங் மெஷின்) டன் கணக்குல வார்ப்பு இரும்பு. நம்ம கட்டறது அலுமினிய சட்டம், மூணு நாலு ஸ்டெப்பர் மோட்டார் (படிப்படியா அளந்து சுத்தற மோட்டார்), ஒரு சின்ன ஸ்பிண்டில் (கட்டர சுத்தற மோட்டார்), ஒரு ஆர்டுயினோ (எல்லாத்தையும் கட்டுப்படுத்தற குட்டி போர்டு), அவ்ளோதான். எக்ஸ், ஒய், இசட்னு மூணு பக்கம் கட்டர் நகரும், எங்க எவ்ளோ நகரணும்னு கம்ப்யூட்டர்ல இருந்து ஜி-கோட்ங்கற கட்டளை வரி வரியா போகும். ஆர்டுயினோவுக்குள்ள ஓடற ஜிஆர்பிஎல்ங்கற புரோகிராம் இலவசம், 2009லயே வந்துடுச்சு, இன்னிக்கும் நிறைய சின்ன மெஷின்ல ஓடறது அதோ, அதோட வழிவந்ததோதான்.

3டி பிரிண்டர் மாதிரியான்னும் கேக்கறாங்க. பாக்க அப்படித்தான், ஆனா பிரிண்டர் பிளாஸ்டிக்க உருக்கி வெக்குது, அதுக்கு எதிர்ப்பே இல்ல. இங்க கட்டர் மரத்த பிடிச்சு இழுக்குது, மரம் திருப்பி கட்டர இழுக்குது. அந்த இழுப்புக்கு ஆடாம நிக்கணும், கீழ வர்ற பாதி கேள்வி இந்த ஒரு விஷயத்துல இருந்து வர்றதுதான்.

2. எனக்கு எலக்ட்ரானிக்ஸும் தெரியாது மெக்கானிக்கலும் தெரியாது, ஆர்ட்ஸ் படிச்சவன், என்னால முடியுமா சார்?

முடியும். அலன் கீ பிடிக்கத் தெரிஞ்சா, மல்டிமீட்டர்ல கண்டினியுட்டி (ரெண்டு முனைக்கும் நடுவுல இணைப்பு இருக்கா) பாக்கத் தெரிஞ்சா போதும், சால்டரிங் கூட கிட்ல பெருசா வராது. உண்மைய சொன்னா, எலக்ட்ரானிக்ஸ் தெரிஞ்ச பசங்கதான் அதிகமா மாட்டறாங்க, ஃபிரேம கண்ணால பாத்து மாட்டிட்டு நேரா ஒயரிங்குக்கு ஓடிடுவாங்க. ஆசாரிங்க மூலமட்டம் வெச்சு மெதுவா மாட்டுவாங்க, அவங்க மெஷின் முதல் நாளே ஒழுங்கா வெட்டும்.

3. எவ்ளோ ஆகும் ப்ரோ? கிட்டா வாங்கறதா, தனித்தனியா வாங்கி கட்டறதா?

முதல் மெஷினுக்கு கிட் வாங்குங்க, அதுல யோசிக்கவே வேணாம். 3018னு ஒண்ணு இருக்கு, 300க்கு 180 எம்எம் பெட், இசட் 45 எம்எம் கிட்ட ஏறி இறங்கும். நம்ம ஊர் ஆன்லைன் கடைகள்ல சுமார் பதினஞ்சு இருபதாயிரத்துல கிடைக்கும், கடைக்கு கடை மாறும். அதுமேல பிட், கிளாம்ப், வெர்னியர், மல்டிமீட்டர், கண்ணாடி, மாஸ்க்குன்னு இன்னொரு நாலஞ்சாயிரம் எடுத்து வெச்சுக்கோங்க, இத யாரும் முன்னாடி சொல்ல மாட்டாங்க.

தனித்தனியா வாங்கி கட்டினா மலிவா முடியும்னு நெனைக்கறது தப்பு. மோட்டாரையும் ஸ்க்ரூவையும் இணைக்கற கப்ளர் 5 எம்எம் வந்திருக்கும், ஷாஃப்ட் 6.35 இருக்கும், திருப்பி அனுப்பி மாத்தி வாங்கறதுக்குள்ள ஆர்வமே போயிடும். சொந்த டிசைன்ல 600க்கு 600, லீனியர் ரெயில், பால் ஸ்க்ரூ, நீமா 23 மோட்டார்னு (7, 8ஐ பாருங்க) போனா அறுபது எழுபதாயிரத்த சாதாரணமா தாண்டும். அது ரெண்டாவது மெஷினா இருக்கட்டும். முதல் மெஷின்ல கத்துக்கிட்டது அங்க காசா மிச்சமாகும்.

4. பார்ட்ஸ் எல்லாம் கிருஷ்ணகிரியிலயே கிடைக்குமா இல்ல பெங்களூர் போகணுமா?

போல்ட் நட்டு வாஷர் எல்லாம் இங்கயே. எஸ்எஸ் அலன் போல்ட் எம்3, எம்5ல எல்லா நீளமும் வேணும்னா ஓசூர் இண்டஸ்ட்ரியல் ஹார்டுவேர் கடைங்க நல்லது, கம்பெனிக்கு சப்ளை பண்றவங்க, எல்லாமே வெச்சிருப்பாங்க. ஸ்பிண்டில் கிளாம்ப், மோட்டார் பிளேட் மாதிரி தனியா ஏதாவது செய்யணும்னா லேத் பட்டறைல டிராயிங்கோட போங்க, வாயால சொல்லாதீங்க. டிரைவர் (மோட்டாருக்கு கரண்ட் கொடுத்து ஓட்டற குட்டி போர்டு), ஆர்டுயினோ, எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) மாதிரி ஐட்டம் ஆன்லைன்ல வாங்கலாம், இல்ல ஓசூர்ல இருந்து ஒரு நாப்பது கிலோமீட்டர்தான் பெங்களூரு, எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கற எஸ்.பி. ரோட்டுக்கு ஒரு நடை போய் கைல பாத்து வாங்கலாம்.

நம்ம ஊருக்குன்னு ரெண்டு வசதி இருக்கு. ஒண்ணு, கிரானைட். பாலிஷ் போட்ட கழிவுத்துண்டு ரெண்டுக்கு ரெண்டு அடில ஒண்ணு கேட்டு வாங்கி வெச்சுக்கோங்க, எதுக்குன்னு 6ல சொல்றேன். இன்னொண்ணு மாமரப் பலகை, மர மில்லுல சல்லிசா கிடைக்கும், பழகறதுக்கு நல்ல மரம். ஆனா நல்லா காய்ஞ்சிருக்கணும், பச்சையா இருந்தா நார் நாரா கிளம்பும், வெட்டி வெச்சு ஒரு வாரத்துல வளைஞ்சுடும்.

5. ஃபிரேம பிளைவுட்லயே பண்ணா காசு மிச்சமாகுமே?

ஓடும், பேனா வெச்சு வரைய, லேசர் வெக்க, தெர்மாகோல் வெட்ட எல்லாம் தாராளமா போதும். மரம் வெட்டணும்னா கஷ்டம், பிளைவுட் மழைக்காலத்துல ஊதும், வெயில்ல சுருங்கும், நீங்க செட் பண்ண அளவு அப்படியே நிக்காது. இரும்பு சதுரக் குழாய வெல்டிங் பண்ணலாமான்னா, உறுதி நல்லா இருக்கும், ஆனா வெல்டிங் சூட்டுல இழுத்துக்கும், அதுக்கப்புறம் ரெயில் உக்கார்ற எடத்த மெஷினிங் பண்ணணும், அந்த வசதி இல்லாதவங்க அலுமினிய புரொஃபைலே எடுங்க. 2040, 4040ன்னு சொல்ற டி-ஸ்லாட் சட்டம், நேரா வெட்டி வாங்கினா பாதி வேலை முடிஞ்சது.

6. கிட் வந்துடுச்சு, எல்லாத்தையும் பரப்பி வெச்சிருக்கேன், எதுல ஆரம்பிக்கறது?

ஒயர், போர்டு எல்லாத்தையும் எடுத்து பெட்டிக்குள்ள திரும்ப வெச்சுடுங்க. முதல் நாள் அது கண்ணுல படவே கூடாது.

அந்த கிரானைட் பலகைய ஆடாம ஒரு மேஜைல போடுங்க. நாலு சட்டத்தையும் அது மேல வெச்சு போல்ட அரைகுறையா முறுக்குங்க, இறுக்காதீங்க. எந்த மூலையாவது தூக்கிட்டு இருக்கான்னு பாருங்க, ஒரு பேப்பர் துண்ட கீழ விட்டு இழுத்தா தெரிஞ்சிடும். டைல்ஸ் தரைல வெச்சு மாட்டினா தரையோட கோணல் ஃபிரேம்ல ஏறிக்கும், அதுக்குத்தான் கிரானைட். அப்புறம் மூலைக்கு மூலை குறுக்கால அளங்க, ரெண்டு குறுக்களவும் ஒண்ணா இருந்தா ஃபிரேம் சதுரமா இருக்குன்னு அர்த்தம், வீட்டுக்கு கால் போடும்போது மேஸ்திரி கயிறு பிடிச்சு பாப்பாரே அதே கணக்கு. அரை எம்எம் வித்தியாசம் இருந்தாலும் தட்டி சரி பண்ணிட்டு அப்புறம்தான் போல்ட இறுக்கணும், ஒரே போல்ட முழுசா இறுக்காம எதிர் எதிர் மூலையா கொஞ்சம் கொஞ்சமா.

அடுத்து ராடு, பேரிங், லீட் ஸ்க்ரூ (சுத்தினா வண்டிய நகத்தற மரை போட்ட ராடு). மோட்டார் மாட்டறதுக்கு முன்னாடி ஒவ்வொரு அச்சையும் கையால இந்த முனைல இருந்து அந்த முனை வரைக்கும் தள்ளிப் பாருங்க, ஸ்க்ரூவ விரலால சுத்திப் பாருங்க. முழுக்க ஒரே பதமா போகணும். நடுவுல லேசா, முனைல இறுக்கமா இருந்தா ரெண்டு ராடும் இணையா இல்லன்னு அர்த்தம், அந்த இறுக்கமான முனைக்கே வண்டிய கொண்டுபோய் வெச்சுட்டு அங்க போல்ட தளர்த்தி திரும்ப இறுக்குங்க, தானா உக்காந்துக்கும். விரலுக்கு இறுக்கமா தெரியறது மோட்டாருக்கும் இறுக்கம்தான். இந்த ஒரு சோதனைய தாண்டாம கரண்ட் கொடுக்காதீங்க, பின்னாடி சாஃப்ட்வேர்ல தேடற முக்காவாசி பிரச்சன இங்கதான் உக்காந்திருக்கும்.

7. பெல்ட், லீட் ஸ்க்ரூ, பால் ஸ்க்ரூ, எதுண்ணா பெஸ்ட்?

பெல்ட் வேகமா ஓடும், இழுத்தா நீளும், லேசருக்கு சரி. டி8 லீட் ஸ்க்ரூ மலிவு, மெதுவு, சின்ன மெஷினுக்கு போதும், கொஞ்ச நாள்ல நட்டு தேஞ்சு ஆட்டம் வரும், அதனால ஸ்பிரிங் வெச்ச ஆன்டி பேக்லாஷ் நட்டு போடுங்க. பால் ஸ்க்ரூ ஆட்டம் ரொம்ப கம்மி, விலை ஜாஸ்தி, ரெண்டாவது மெஷினுக்கு 1204 இல்ல 1605 எடுங்க.

8. நீமா 17 போதுமா நீமா 23 போடணுமா? பெருசு போட்டா நல்லதுதானே?

நீமா நம்பர் மோட்டாரோட முகத்தோட அளவுதான், சக்தி இல்ல. 17ன்னா முகம் 42 எம்எம், 23ன்னா 57 எம்எம். 3018 அளவுக்கு 17 தாராளம். 600 எம்எம் பெட், கனமான ஸ்பிண்டில்னா 23.

எல்லாரும் மறக்கறது வோல்டேஜ். ஸ்டெப்பர் நிக்கும்போது காட்ற பலம் வேகமா சுத்தும்போது இருக்காது, வேகம் ஏற ஏற பலம் இறங்கும். அதே மோட்டார 12 வோல்ட்டுல ஓட்டறதுக்கும் 24 வோல்ட்டுல ஓட்டறதுக்கும் வேகத்துல நல்லாவே வித்தியாசம் தெரியும். மோட்டார் பத்தலன்னு மாத்தறதுக்கு முன்னாடி எஸ்எம்பிஎஸ் எத்தனை வோல்ட்டுன்னு பாருங்க. அப்படியே எஸ்எம்பிஎஸ் பக்கவாட்டுல 115/230னு ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கும், அது 230ல இருக்கான்னு பிளக்குல சொருகறதுக்கு முன்னாடியே பாத்துடுங்க.

9. மோட்டார் சுத்தவே மாட்டேங்குது, நின்ன எடத்துலயே நடுங்குது, போயிடுச்சா?

போகல, ஒயர் ஜோடி மாறியிருக்கு. நாலு ஒயர்ல ரெண்டு ரெண்டு ஒரு காயில். மல்டிமீட்டர்ல எந்த ரெண்டுக்கு கண்டினியுட்டி வருதோ அது ஒரு ஜோடி. மீட்டர் இல்லன்னா ரெண்டு ஒயர ஒண்ணா முறுக்கிட்டு ஷாஃப்ட கையால சுத்துங்க, கட்டி கட்டியா சுத்தினா அது ஜோடி. ஒயர் கலர நம்பாதீங்க, கம்பெனிக்கு கம்பெனி மாறும். ஜோடி சரியா இருந்து திசை மட்டும் எதிரா போனா ஒரு ஜோடிய மட்டும் திருப்பிப் போடுங்க, இல்ல $3 செட்டிங்ல மாத்திக்கலாம் (ஜிஆர்பிஎல் செட்டிங் நம்பருக்கு எல்லாம் முன்னாடி $ வரும்).

கரண்ட் இருக்கும்போது மோட்டார் ஒயர கழட்டவோ மாட்டவோ கூடாது, டிரைவர் அந்த நிமிஷமே போயிடும். கனெக்டர் லூசா இருந்தாலும் இதே கதிதான்.

10. டிரைவர் போர்டுல ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கே, அத தொடலாமா?

தொட்டுத்தான் ஆகணும், மோட்டாருக்கு எவ்ளோ ஆம்பியர் போகணும்னு அதுதான் முடிவு பண்ணுது. ஏ4988 டிரைவர்ல ஐசி பக்கத்துல இருக்கற குட்டி ரெசிஸ்டர்ல ஆர்100னு இருந்தா, வேணுங்கற ஆம்பியர 0.8ஆல பெருக்குங்க, அந்த வோல்ட்டு ஸ்க்ரூவுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல வரணும். 1 ஆம்பியர்னா 0.8 வோல்ட். ஆர்050னு இருந்தா அதுல பாதி, 0.4. டிஆர்வி8825ல ஆர்100னா 1 ஆம்பியருக்கு 0.5 வோல்ட். மோட்டார்ல 1.5 ஆம்பியர்னு போட்டிருந்தா 1 ஆம்பியர்ல ஆரம்பிங்க, ஹீட் சிங்க் ஒட்டுங்க, ஒரு சின்ன ஃபேன் காத்து பட வைங்க. ஃபேன் இல்லாம ஏ4988க்கு ஒரு ஆம்பியருக்கு மேல கொடுக்கறது சரி வராது.

டிரைவர ஷீல்டுல (ஆர்டுயினோ மேல உக்கார்ற போர்டு) சொருகும்போது ஸ்க்ரூ எந்தப் பக்கம் இருக்குன்னு அடையாளம் வெச்சு சொருகாதீங்க, ஏ4988க்கும் டிஆர்வி8825க்கும் ஸ்க்ரூ எதிரெதிர் பக்கம். ரெண்டுலயும் எழுதியிருக்கற 'இஎன்' பின் நேருக்கு நேர் வரணும், அதான் கணக்கு.

11. யூஎஸ்பி சொருகினா லேப்டாப்புல போர்ட்டே காட்டல சார்

கேபிள மாத்துங்க, நிறைய கேபிள் சார்ஜ் மட்டும்தான் ஏத்தும், டேட்டா போகாது. அப்பவும் காட்டலன்னா சிஎச்340 டிரைவர் போடுங்க, மலிவு ஆர்டுயினோவுல எல்லாம் அந்த சிப்தான். கனெக்ட் ஆகி குப்பை குப்பையா எழுத்து வந்தா வேகத்த 115200ல வைங்க.

12. எத்தனை சாஃப்ட்வேர்தான் போடணும்? ஒவ்வொருத்தர் ஒண்ணு சொல்றாங்க

மூணு வேலை இருக்கு, அதனாலதான் குழப்பம். வரையறது ஒண்ணு, வரைஞ்சத கட்டர் எந்த வழியா வெட்டணும்னு ஜி-கோட் ஆக்கறது ரெண்டு, அந்த கோட மெஷினுக்கு அனுப்பறது மூணு. வரைய இங்க்ஸ்கேப் இல்ல ஃப்ரீகேட். ஃப்ரீகேட்லயே ஜி-கோடும் எடுக்கலாம், ரெண்டுமே இலவசம். ஃபியூஷன் 360ல பர்சனல் லைசென்ஸ் இலவசமா இருக்கு, ஆனா அதுல ராபிட் நகர்வு (வெட்டாம வேகமா தாண்டிப் போறது) கூட வெட்டற வேகத்துலதான் வரும், சின்ன மெஷினுக்கு அது பெரிய நஷ்டமில்ல. அனுப்ப கேண்டில் போதும், லேசானது. யூஜிஎஸ் கொஞ்சம் கனம், வசதி ஜாஸ்தி. மாக்3 வேணாமான்னு கேக்கறாங்க, அது பழைய பேரலல் போர்ட்டு கம்ப்யூட்டர் கணக்கு, இப்போ ஆரம்பிக்கறவங்களுக்கு அது தேவையே இல்ல.

13. தமிழ்ல கடை பேர் வெட்டணும், ஆனா எழுத்து உடைஞ்சு உடைஞ்சு வருது, கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம்

நிறைய கேம் (CAM, 12ல சொன்ன ஜி-கோட் ஆக்கற) சாஃப்ட்வேருக்கு தமிழ் எழுத்த ஒண்ணு சேக்கத் தெரியாது, 'கொ', 'சௌ' எல்லாம் பிரிஞ்சு நிக்கும். அதுக்குள்ள டைப் பண்ணாதீங்க. இங்க்ஸ்கேப்ல யூனிகோட் ஃபான்ட்ல டைப் பண்ணி, அங்கயே எழுத்த பாத் ஆக்கிடுங்க, எஸ்விஜியா சேவ் பண்ணி கேம்ல இறக்குங்க. இப்போ அது எழுத்து இல்ல, வெறும் கோடு, உடையாது. இறக்கினதும் அளவு பாருங்க, பழைய இங்க்ஸ்கேப் ஒரு இஞ்ச்சுக்கு 90 புள்ளி, 0.92ல இருந்து 96, அந்த வித்தியாசத்துல 96 எம்எம் போர்டு 90 எம்எம்மா வந்து நிக்கும்.

சுழி சுழியா இருக்கற மெல்லிசு ஃபான்ட் வேணாம். தமிழ் எழுத்துல உள் வளைவு அதிகம், 3 எம்எம் கட்டர் 'ஞ', 'ணு'வோட சுழிக்குள்ள போகவே போகாது, வி-பிட் (முனை கூரா இருக்கற பிட்) போடுங்க.

14. 100 எம்எம் போன்னு சொன்னா 50 எம்எம்தான் போகுது

ரொம்ப கேக்கற கேள்வி. மோட்டார் ஒரு சுத்துக்கு 200 ஸ்டெப், டிரைவர் அத 16ஆ பிரிச்சா 3200. ஸ்க்ரூ ஒரு சுத்துல எத்தனை எம்எம் நகத்துதோ அதால வகுங்க. 2 எம்எம்னா 1600, 4 எம்எம்னா 800, 8 எம்எம்னா 400, 1605 பால் ஸ்க்ரூன்னா 5 எம்எம், 640. இந்த நம்பர்தான் $100, $101, $102ல எக்ஸ், ஒய், இசட்டுக்கு போகணும். டி8னு எழுதியிருக்கறது ஸ்க்ரூவோட தடிமன், அத 8 எம்எம் லீடுன்னு நெனைச்சுக்காதீங்க. கப்ளர்ல பேனாவால ஒரு கோடு போட்டு கையால ஒரு முழு சுத்து சுத்தி வெர்னியர்ல அளந்தா முடிஞ்சது.

சரியா பாதி வந்தா இன்னொரு காரணமும் இருக்கு. டிரைவருக்கு அடில மூணு ஜம்பர் இருக்கும், மூணும் போட்டா ஏ4988 16ஆ பிரிக்கும், டிஆர்வி8825 32ஆ பிரிக்கும். டிரைவர மாத்திட்டு நம்பர மாத்தலன்னா சரியா பாதிதான் போகும். 100க்கு 99.3 மாதிரி வந்தா நம்பர திருத்தி விளையாடாதீங்க, அது ஆட்டம், அடுத்த கேள்விய பாருங்க.

15. வட்டம் வெட்டினா முட்டையா வருது

முட்டை எப்படி படுத்திருக்குன்னு பாருங்க. எக்ஸ் இல்ல ஒய் பக்கம் நேரா நீண்டிருந்தா ஒரு அச்சோட ஸ்டெப் நம்பர் தப்பு, 14க்கு போங்க. சாய்வா, மூலைப் பக்கம் நீண்டிருந்தா எக்ஸும் ஒய்யும் 90 டிகிரில இல்ல, 6க்கு போங்க, சாஃப்ட்வேர்ல ஒண்ணும் பண்ண முடியாது. வட்டம்தான் ஆனா மேல, கீழ, இடது, வலதுன்னு நாலு எடத்துல சின்னதா தட்டையா இல்ல படியா இருந்தா பேக்லாஷ், திசை மாறும்போது நட்டுல இருக்கற ஆட்டம்.

16. பாதி நல்லா வெட்டிட்டு திடீர்னு ஒரு பக்கம் தள்ளி வெட்டுது, கோட்ல தப்பா?

கோட்ல தப்புன்னா ஒவ்வொரு தடவையும் அதே எடத்துலதான் தப்பும். எடம் மாறி மாறி தப்பினா மெஷின். மோட்டார் ஷாஃப்ட், கப்ளர், ஸ்க்ரூ மூணுக்கும் குறுக்கால ஒரே கோடா மார்க்கர்ல போட்டுட்டு திரும்ப ஓட்டுங்க. தள்ளினதுக்கு அப்புறம் கோடு விட்டுப் போயிருந்தா கப்ளரோட கிரப் ஸ்க்ரூ லூசு, ஷாஃப்ட்டுல சின்னதா தட்டையா ராவி அதுமேல ஸ்க்ரூ உக்கார்ற மாதிரி இறுக்குங்க. கோடு நேராவே இருந்தா மோட்டார் ஸ்டெப் விட்டிருக்கு.

ஸ்டெப் விட்டா முதல்ல 6ல சொன்ன கையால தள்ளிப் பாக்கற சோதனை, அப்புறம் டிரைவர் சூடு, 10ல சொன்ன ஆம்பியர். அதுவும் சரின்னா $120, $121, $122ல ஆக்சிலரேஷன பாதியாக்குங்க. நிறைய பேரு வேகத்த மட்டும் குறைப்பாங்க, ஆனா கெளம்பற அந்த நொடியில இழுக்கறதுதான் மோட்டார தூக்குது.

17. லிமிட் ஸ்விட்ச் அவசியமா? போட்டதுல இருந்து சும்மா சும்மா அலாரம் 1 வருது

இல்லாமலும் ஓட்டலாம், ஆனா ஹோமிங் (மெஷின் தானா ஸ்விட்ச் வரைக்கும் போய் தன்னோட ஜீரோவ கண்டுபிடிக்கறது) இருந்தா 20ல சொல்ற தலைவலி பாதியாகும். சும்மா அலாரம் வர்றது ஸ்பிண்டில் மோட்டாரோட மின் இரைச்சல். ஸ்விட்ச் ஒயர ஸ்பிண்டில் ஒயரோட சேத்து கட்டாதீங்க, ஷீல்டு ஒயர் போடுங்க, ஷீல்ட ஒரு முனைல மட்டும் கிரவுண்ட் பண்ணுங்க, போர்டு பக்கம் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வைங்க. ஸ்விட்ச என்சி (அமுக்காதப்போ இணைஞ்சே இருக்கற) பக்கம் கனெக்ட் பண்ணிட்டு $5=1 போடுங்க, அப்போ ஒயர் அறுந்தாலும் மெஷின் நின்னுடும்.

சிஎன்சி ஷீல்டு வி3 வெச்சிருக்கறவங்களுக்கு ஒரு பொறி இருக்கு. ஜிஆர்பிஎல் 0.9ல இருந்து 11ம் பின் ஸ்பிண்டிலுக்கு போயிடுச்சு, இசட் லிமிட் 12க்கு வந்துடுச்சு, ஆனா ஷீல்டுல அச்சடிச்சது பழசு. அதனால இசட் ஸ்விட்ச, போர்டுல ஸ்பிண்டில் எனேபிள்னு எழுதியிருக்கற பின்லதான் மாட்டணும். எக்ஸ், ஒய் வேலை செஞ்சு இசட் மட்டும் செய்யலன்னா இதேதான்.

18. பிட்டு உடைஞ்சுகிட்டே இருக்கு, காசு கட்டுப்படி ஆகல

ஆரம்பத்துல எல்லாரும் மெதுவா போனா உடையாதுன்னு நெனைப்பாங்க. ரொம்ப மெதுவா போனா வெட்டாம உரசும், சூடாகும், மரம் கருகும், அக்ரிலிக் உருகி பிட்டுல ஒட்டும். ஆர்பிஎம், பிட்டோட பல்லு எண்ணிக்கை, ஒரு பல்லுக்கு எவ்ளோ சீவணும், இந்த மூணையும் பெருக்கினா ஃபீடு, அதாவது கட்டர் நகர்ற வேகம். 10000 சுத்து, 2 பல்லு, பல்லுக்கு 0.03 எம்எம்னா நிமிஷத்துக்கு 600 எம்எம். 3018ல பிளைவுட்டுக்கு 3.175 எம்எம் பிட்ல ஆழம் அரை எம்எம்ல ஆரம்பிங்க, சத்தம் சீரா இருந்தா ஏத்துங்க. தூளு பொடியா வராம சீவலா வரணும். அலுமினியம்னா ஆழம் 0.1, ஒத்தை பல்லு பிட்டு, பொறுமை.

அக்ரிலிக்ல காஸ்ட் ஷீட் கேட்டு வாங்குங்க, எக்ஸ்ட்ரூடட் சீக்கிரம் உருகும்.

19. வீட்ல சத்தம் தூசின்னு அம்மா மாடிக்கு தொரத்திட்டாங்க, அங்க வெக்கலாமா?

அம்மா சொல்றது சரி. எம்டிஎஃப் தூசில பசை கலந்திருக்கு, பிசிபி (சர்க்யூட் போர்டு) பலகை தூசி கண்ணாடி நாரு, ரெண்டும் படுக்கற ரூம்ல இருக்கவே கூடாது. மாடில ஷெட் இருந்தா வைங்க, வெயில் நேரா படக்கூடாது. பெட்டி மாதிரி பிளைவுட்ல மூடி பண்ணினா சத்தமும் அடங்கும், வேக்கும் கிளீனர் குழாய் விட்டா தூசியும் அடங்கும். கண்ணாடி, என்95 மாஸ்க் கட்டாயம். கிளவுஸ் மட்டும் போடாதீங்க, சுத்தற பிட்டு கிளவுஸ பிடிச்சா கைய சேத்து இழுக்கும், துப்பட்டா, துண்டு, அவிழ்ந்த முடி எல்லாம் அதே கணக்கு. லுங்கி கட்டிட்டு ஓட்டறவங்க மடிச்சு கட்டுங்க. மெஷின் உடம்புக்கு எர்த் கொடுங்க. ஓட விட்டுட்டு கடைக்கு போகாதீங்க, உரசல்ல தூசி பத்திக்கும்.

லேசர் தலை மாத்தி போடறவங்க பிவிசி, ரெக்சின் எதையும் லேசர்ல வெட்டாதீங்க, குளோரின் கலந்த புகை வரும், ஆளுக்கும் ஆகாது மெஷினுக்கும் ஆகாது.

20. ஓடிட்டு இருக்கும்போது கரண்ட் போயிட்டா என்ன ஆகும்?

நீங்க நெனைக்கறத விட மோசம். கரண்ட் போனா மோட்டாரும் ஸ்பிண்டிலும் நிக்கும், ஆனா லேப்டாப் பேட்டரில ஓடுது, ஆர்டுயினோ யூஎஸ்பில உயிரோட இருக்கு, அது பாட்டுக்கு மோட்டார் நகருதுன்னு நெனைச்சுக்கிட்டு வரி வரியா போயிட்டே இருக்கும். ரெண்டு நிமிஷத்துல கரண்ட் வந்துச்சுன்னா ஸ்பிண்டில் சுத்த ஆரம்பிச்சு, தப்பான எடத்துல இருந்து, மரத்துக்குள்ளயே இழுத்துட்டு போகும். கிளாம்ப் மேலயும் ஏறும்.

அதனால கரண்ட் போனதும் முதல்ல சாஃப்ட்வேர்ல ரீசெட், அப்புறம் மெயின் ஸ்விட்ச் ஆஃப். இன்னும் நல்லது, எஸ்எம்பிஎஸ்சுக்கு முன்னாடி ஒரு என்விஆர் ஸ்விட்ச் போடறது, கரண்ட் போனா விழுந்துடும், வந்தாலும் நாம அமுக்கினாத்தான் ஓடும், பட்டறை மெஷின்ல எல்லாம் இருக்குமே அது. திரும்ப ஆரம்பிக்க, இசட்ட கையால தூக்கிட்டு, ஹோமிங் பண்ணி, பழைய ஜீரோவுக்கு போய், விட்ட வரிக்கு கொஞ்சம் முன்னாடி வரில இருந்து ஓட்டுங்க. ஸ்பிண்டில் ஆன் ஆகுதா, ஃபீடு நம்பர் இருக்கான்னு பாத்துட்டு. லிமிட் ஸ்விட்ச் இல்லாதவங்க வேலை ஆரம்பிக்கறப்பவே கழிவு மூலைல ஜீரோ புள்ளில சின்னதா ஒரு குழி போட்டு வெச்சுக்கோங்க, வி-பிட் முனைய அதுல உக்கார வெச்சா ஜீரோ கிடைச்சுடும்.

21. நான் ஓசூர்ல விஎம்சி ஆபரேட்டர், ஃபேனக் புரோகிராம் எனக்கு அத்துப்படி, அதையே இதுல போட்டா ஓடுமா?

ஜி0, ஜி1, ஜி2, ஜி3, ஜி54, ஜி90, ஜி91 எல்லாம் அப்படியே ஓடும், அந்த விதத்துல உங்களுக்கு பாதி வேலை மிச்சம். ஜி81, ஜி83 மாதிரி டிரில்லிங் சைக்கிள் இல்ல, ஜி41, ஜி42 இல்ல, எம்98 சப் புரோகிராம் இல்ல, # போட்ட மேக்ரோ இல்ல, எம்6 போட்டா எரர் 20 வரும், ஜி43 எச்1 எடுக்காது.

எரர் வந்தா பரவால்ல, நின்னுடும். எரர் வராம ஏமாத்தற எடம்தான் ஆபத்து. ஜி4 பி1000ன்னா ஃபேனக்ல ஒரு செகண்ட், இங்க ஆயிரம் செகண்ட், மெஷின் ஹேங் ஆயிடுச்சுன்னு நெனைச்சு உக்காந்திருப்பீங்க. எக்ஸ்10ன்னு புள்ளி இல்லாம போட்டா சில கன்ட்ரோலர்ல 0.01 எம்எம், இங்க நேரா 10 எம்எம். ஜி28 அங்க ரெஃபரன்ஸ் எடத்துக்கு போகும், இங்க நீங்க ஜி28.1ல சேவ் பண்ண எடத்துக்கு போகும், சேவ் பண்ணலன்னா மெஷின் ஜீரோவுக்கு. ஹோமிங் இல்லாத மெஷின்ல அந்த ஜீரோ ஆன் பண்ணப்போ எங்க நின்னுச்சோ அந்த எடம், அது பிட்டு மரத்துல இருந்த எடமாவும் இருக்கலாம். உங்க போஸ்ட் பிராசஸர்ல (கேம்ல ஜி-கோட எழுதித் தர்ற பகுதி) ஜி28 வந்தா எடுத்துட்டு ஜி53ல இசட்ட தூக்கற மாதிரி மாத்திக்கோங்க, அதுவும் ஹோமிங் பண்ணியிருந்தா மட்டும்.

இன்னொண்ணு, விஎம்சில கைக்கு பழகின ஆழமும் ஃபீடும் இங்க பத்துல ஒரு பங்கு கூட தாங்காது, 18ஐ பாருங்க.

22. நம்ம ஊர்ல கிரானைட் கொட்டிக் கிடக்கு, இதுல கல்லுல பேர் வெட்டிக் கொடுத்தா நல்ல காசாச்சே?

ஆழமா குழிச்சு வெட்டறது 3018ல ஆகாது. அதுக்கு டைமண்ட் பிட்டு, தண்ணி ஓடிக்கிட்டே இருக்கணும், பெரிய ஸ்பிண்டில், ஆடாத கனமான ஃபிரேம், தண்ணி படாம மூடின ரெயில் எல்லாம் வேணும், அது தனி மெஷின்.

ஆனா பாலிஷ் போட்ட கருப்பு கல்லுல கீறி எழுதறது முடியும். ஸ்பிரிங் வெச்ச டைமண்ட் டிராக் பிட்டுன்னு கிடைக்குது, ஸ்பிண்டில் ஆஃப்ல இருக்கணும், பிட்டு சுத்தக் கூடாது, அழுத்தி இழுத்துட்டே போகும், பாலிஷ் போன எடம் வெளுப்பா தெரியும். எழுத்துக்குள்ள நெருக்கமா கோடு போட்டு நிரப்பினா கல்வெட்டு போர்டு மாதிரி நல்லாவே இருக்கும். டயோடு லேசர்லயும் கருப்பு கல்லு சாம்பல் நிறமா மாறும், ஒத்து வர்ற கண்ணாடி போட்டுக்கணும். வெள்ளை, பிங்க் கல்லுல ரெண்டுமே சரியா தெரியாது, பெயிண்ட் அடைக்க ஆழம் வேணும், அது நம்ம மெஷினுக்கு இல்ல.

கீறும்போது வர்ற தூளு கொஞ்சம்தான், ஆனா அது சிலிக்கா, நுரையீரல்ல போனா திரும்ப வராது, கல் பட்டறைல வேலை பாத்த பெரியவங்க யாரையாவது கேளுங்க. ஈரத் துணில தொடைங்க, ஊதாதீங்க. வேலை எடுக்கறதுக்கு முன்னாடி கழிவுத் துண்டுல ஒரு தடவை ஓட்டிப் பாருங்க, ஏன்னா கல்லு ஒரே தடிமனா இருக்காது, ஒரு பக்கம் ஆழமா கீறி மறுபக்கம் தொடாமலே போகும், அடில பேப்பர் மடிச்சு வெச்சு மட்டம் பண்ணிட்டுத்தான் கஸ்டமர் கல்ல ஏத்தணும்.